நெஞ்சில் கை வைத்து ஓடியவர்

சனிக்கிழமை மத்தியானம் அந்தோணியின் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அந்தோணி கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார். கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சையப்பன். மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் வெள்ளைத்தாள். ஜன்னலடியில் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் விமல். வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கெங்கம்மாள், வெற்றிலை துப்ப வசதியாக. அந்தோணியின் மனைவி ரோசம்மாள் எங்கும் உட்காரவில்லை. அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே நின்றாள். அவள் மன்றத்தில் உறுப்பினரும் இல்லை.

மன்றம் என்றால் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு ஆலை, ரசாயன ஆலை என்று சிதறிக் கிடக்கிற சினிமாப் பைத்தியங்கள் சிலர், மாதம் ஒரு படம் சேர்ந்து பார்த்துவிட்டு மீதி நாளெல்லாம் சண்டை போட்டுக்கொள்வதற்காக வைத்துக்கொண்ட பெயர். ஆரம்பித்தவர் அந்தோணி. செயலாளர் பச்சையப்பன். இரும்பு ஆலையில் வருகை குறிக்கிற டைம் ஆபீஸில் கிளார்க். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று இடம் விட்டு, மடிப்புக் கலையாமல் கடிதம் எழுதுகிற ஆள்.

இந்த வருஷம் சென்னையில் திரைப்பட விருது கொடுக்கிற ஓர் அமைப்பு, ரசிகர் மன்றங்களையும் கேட்டிருந்தது. ஆண்டின் சிறந்த படம் எது? மன்றத்துக்கு ஒரே ஓட்டு. கடிதம் இன்றைக்குத் தபாலில் போயாக வேண்டும். கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு படங்கள். ஒன்று ‘நெல் காயும் ரோடு’. அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிவிட்டு லாரிகளோடு மல்லுக்கு நிற்கிற குடும்பத்தின் கதை. வந்த சுவடு தெரியாமல் தியேட்டரை விட்டுப் போனது. மற்றது ‘ககனவீரன்’. முகமூடி, உலோகச் சிறகு, பாதி நகரம் இடிந்து விழுகிற சண்டை. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது.

ககனவீரனில் ஒரு காட்சியைக் கும்மிடிப்பூண்டியிலேயே, மூடிக்கிடந்த ஓர் இரும்பு ரோலிங் மில்லில் எடுத்தார்கள். கிரேன் ஓடுகிற உயரத்துத் தண்டவாளத்திலிருந்து வீரன் குதித்து ஓட வேண்டும். அந்த உயரத்தில் கால் கூசாத ஆள் ஒருவர் வேண்டுமென்றார்கள். ரயிலேறி ஆலை ஆலையாகப் போய்க் கிரேன் பழுது பார்க்கிற அந்தோணி போனார். உடுப்பும் முகமூடியும் மாட்டி, கயிறு கட்டிக் குதித்தார், ஓடினார். டைரக்டர் கட்டிப்பிடித்துக்கொண்டார். எதற்கும் இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்றார்கள். அந்த இன்னொரு தடவையில் கயிறு திருகித் தூணில் போய் இடுப்பு அடித்தது. அதன் பிறகு அந்தோணி நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த டைரக்டர், “படத்துக்கு விருது வரட்டும், உங்களை மேடையில ஏத்தி, குதிச்சது இவர்தான்னு உலகத்துக்கே சொல்றேன்” என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தோணி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். கூட்டத்தை இந்த வீட்டிலேயே வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான் என்று பச்சையப்பனுக்குத் தெரியும். தெரிந்தும், நெல் காயும் ரோட்டுக்கே ஓட்டு என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். அதுதான் நல்ல படம். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“ஆரம்பிக்கலாமா?” என்றார்.

“இதுல பேச இன்னா கீது?” என்றாள் கெங்கம்மாள். ஆலைக் கேன்டீனில் சமைக்கிறவள். “லாரி ஏறிப்போன நெல்ல அந்தப் பொம்பள கையாலயே கூட்டி அள்ளுவா பாரு, எனுக்கு வவுறு பத்திகினு எரிஞ்சிது. அதுக்குக் குடுக்காம, ஜட்டிய மேல போட்டுகினு பறக்கறவனுக்குக் குடுப்பாங்களா?”

“யக்கா, நீ அந்தப் படத்துல கொறட்ட உட்டதுக்கு நான் சாட்சி” என்றான் விமல். ரசாயன ஆலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பையன்.

“கண்ண மூடிகினு அழுதேன்டா நைனா.”

“அழ வெச்சாதான் நல்ல படமா? நான் ஷிப்டு முடிச்சி, மூக்குல அந்த ஆசிட் நாத்தத்தோட போய் உக்காந்தேன். படம் முடியற வரைக்கும் நாத்தமே தெரியல. அதுவும் ஒரு வேலதான? எத்தினி பேரு ராப்பகலா கம்ப்யூட்டர்ல உக்காந்து செஞ்சது. அதுக்கு ஏன் அவார்டு தரக் கூடாது?”

“நாத்தம் தெரியாம இருக்கறதுக்கா? அப்போ ஒயின்ஷாப்புக்கும் ஒண்ணு குடுத்துடு.”

அந்தோணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் வலிக்கும்; ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சண்ட இருக்கட்டும். ரெண்டு பேரும் ரெண்டு படத்தையும் முழுசா பாத்தீங்களா?”

விமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

மன்றத்தின் ஒரே விதி அது. விதித்தவர் அந்தோணிதான். கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரை உட்கார்ந்து பார்க்காதவருக்கு ஓட்டுக் கிடையாது. விதி சுலபமாகத்தான் தெரியும். ஆனால் பெரிய திரையென்றால் சென்னைக்குப் போக வேண்டும்; ஷிப்டு முடிந்து போனால் இரவுக் காட்சிதான் கிடைக்கும்; கும்மிடிப்பூண்டிக்கு வருகிற கடைசி ரயிலோ படம் முடிகிற வரை காத்திருப்பதில்லை. வில்லன் சாகும் முன்பே செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். முடிவை மறுநாள் கேன்டீனில் யாராவது சொல்வார்கள், சொல்கிறவனும் யாரிடமாவது கேட்டிருப்பான். இப்படிப் பார்த்தே பழகியதில், ககனவீரனையும் பாதி நகரம் இடிந்தவுடன் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

“அப்போ நம்ம மன்றத்துல யாருக்குமே ஓட்டு இல்லியா?” என்றாள் கெங்கம்மாள்.

“பச்சை ரெண்டையும் பாத்துகீறான்” என்றார் அந்தோணி. “ககனவீரன் பாக்கச் சொல்லோ ரயில உட்டுட்டு சென்ட்ரல் பெஞ்சில உக்காந்து காலைல வந்தான். எனுக்குத் தெரியும்.”

எல்லோரும் பச்சையப்பனைப் பார்த்தார்கள். அவர் பேனா மூடியைத் திறந்து மறுபடி மூடினார். அவர் உட்கார்ந்து பார்த்தது முடிவுக்காக அல்ல. முடிந்த பிறகு ஓடுகிற பெயர்களுக்காக. கம்ப்யூட்டர்காரர்கள், சமையல்காரர்கள், வண்டி ஓட்டியவர்கள், வாடகைக்கு விளக்குக் கொடுத்தவர்கள் என்று எழுத்து ஏறிக்கொண்டே போனது. தியேட்டரில் கூட்டுகிறவரும் அவரும்தான் மீதி. அந்தோணி என்று ஒரு பெயர் வரவில்லை. இதை அவர் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

“நான் பாக்கவே இல்ல, எனுக்கும் ஓட்டு இல்ல” என்றார் அந்தோணி. “எங்க பாக்கறது? தியேட்டர் படி ஏத்த நாலு பேரு வேணும். போன்ல பாக்க மாட்டேன்னு இருக்கேன். டேய் விமலு, நான் குதிக்கிற எடம் எப்பிடிடா வந்துகீது? சொல்லு.”

விமலுக்கு அது போதும். டப்பாவை விட்டு எழுந்தான். “ண்ணா, குதிக்கறதுக்கே தியேட்டரு கிழிஞ்சிது. ஆனா மெயின் அது இல்ல. குதிச்சி எழுந்து ஓடுவாரு பாரு, நெஞ்சுல ஒரு கைய வெச்சிகினு, அந்த ஸ்டைலு.” அடுப்பு வரை இடம் இருந்தது. வலது கையை இடப்பக்க நெஞ்சில் அழுத்திக்கொண்டு, தோளைச் சற்றுச் சாய்த்து நாலு எட்டு ஓடிக் காட்டினான். “போஸ்டர் பூரா இதுதான். பசங்க எல்லாம் ட்ரெயினு புடிக்க இப்பிடித்தான் ஓடுறானுங்க. ஹீரோ ஒரு வாரம் கண்ணாடி முன்னால நின்னு கண்டுபுடிச்சாராம், பேட்டில சொன்னாரு.”

ரோசம்மாள் கையில் இருந்த டீ டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

“அது பாஸு” என்றாள்.

“இன்னா அண்ணி?” என்றார் பச்சையப்பன்.

“சீசன் பாஸு. மேல் பாக்கெட்டுல வெச்சிகினு ரயிலுக்கு ஓடுவாரு. விழுந்துடும்னு ஒரு கையால அமுக்கிப் புடிப்பாரு. இருவது வருசமா பாக்கறேன். கண்ணாடி முன்னாலயா கண்டுபுடிச்சான்?”

அந்தோணி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய கையோ போலப் பார்த்தார். “அந்த உடுப்புல பாக்கெட்டே இல்ல” என்றார். “குதிச்சி எழுந்து ஓடச் சொல்லோ பழக்கத்துல கை போச்சி. நானே மறந்துட்டேன். அதத்தான் வெச்சிகீறாங்களா?”

விமல் இன்னும் நெஞ்சில் கையை வைத்தபடியே நின்றிருந்தான். மெல்ல எடுத்துவிட்டான். கெங்கம்மாள் வெளியே எட்டித் துப்பினாள்.

“பச்சை” என்றார் அந்தோணி. “எம்பேரு வந்துச்சா?”

இந்தக் கேள்விக்குப் பச்சையப்பன் வழியெல்லாம் பதில் தேடிக்கொண்டுதான் வந்தார். கிடைத்ததில் மோசமானதே வாயில் வந்தது. “ரொம்ப வேகமா ஓடிச்சிண்ணா. படிக்க முடியல.”

அந்தோணி தலையணையில் திரும்பி அவரைப் பார்த்தார். “நோட்டீசு போர்டுல பொடி எழுத்துல கம்பெனிக்காரன் போடறத, ஷிப்டு சங்குகூட ஊதட்டும்னு நின்னு படிக்கிறவன் நீ. உனுக்குப் படிக்க முடியல.”

பச்சையப்பன் தாளைப் பார்த்துக் குனிந்தார். அதில் பெறுநர் முகவரி மட்டும் எழுதியிருந்தது.

“சரி உடு” என்றார் அந்தோணி.

“இனிமே அந்தப் படத்துக்கு ஓட்டு எழுதினா கை அழுகிடும்” என்றாள் கெங்கம்மாள். “நெல்லுப் படத்த எழுதுய்யா.”

விமலும் தலையை ஆட்டினான். “ஆமாண்ணா. அதையே எழுது.”

பச்சையப்பன் விரும்பியதும் அதுதானே. நியாயமும் அதுதானே. பேனாவைத் திறந்தார்.

“ககனவீரன்னு எழுது” என்றார் அந்தோணி.

ரோசம்மாள்தான் கேட்டாள். “எதுக்கு? அந்த ஆளு வந்து மேடைல ஏத்துவான்னா? உன்னத் திருப்பிப் படுக்க வெக்க வருவானா அவன்?”

“வர மாட்டான். பேரே போடாதவன் மேடை எங்க போடப் போறான்?”

“அப்புறம் இன்னாத்துக்கு?”

“அதுலதான எங்காலு ஓடுது.” அந்தோணி கூரையைப் பார்த்துச் சொன்னார். “வேற எங்க ஓடுது? நாலு பேரு அந்தப் படத்த ஒசந்ததுன்னு சொன்னா இன்னும் கொஞ்ச நாளு ஓடும். எனுக்கு ஓட்டு இல்ல. சட்டம் நான் போட்டது. ஓட்டு உன்னுது பச்சை. உனுக்கு எது தோணுதோ எழுது. நான் கேக்கறத கேட்டுட்டேன்.”

பச்சையப்பன் பேனா முனையைத் தாளில் ஊன்றினார். நெல் காயும் ரோட்டில் வருகிற பெண், லாரிச் சக்கரம் போன தடத்திலிருந்து நெல்லைக் கூட்டிக் கூட்டி அள்ளினாள் அவர் கண்ணுக்குள். அந்தப் படத்தை எடுத்தவரைத் திரையில் ஓடிய பெயராகத்தான் அவருக்குத் தெரியும். எடுத்தவருக்கு எங்கோ ஒரு வீட்டில் இந்த ஓட்டு தேவைப்படும். இந்த வீட்டிலும் தேவைப்படுகிறது. இரண்டு பேருக்கும் கொடுக்க அவர் கையில் ஒன்றுதான் இருந்தது. அது யார் கைக்குப் போனாலும் வீணாகத்தான் போகும் போலவும் இருந்தது.

எழுதினார். ஐயா, எங்கள் மன்றத்தின் ஓட்டு ‘ககனவீரன்’ படத்துக்கு. கிரேன் தண்டவாளத்திலிருந்து குதித்து ஓடும் காட்சிக்காக இதைத் தேர்ந்தெடுக்கிறோம். அவ்விடத்தில் குதித்து ஓடியவர்...

வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். அந்தோணி கையை உயர்த்தினார். “பேரு போடாத. வெளிய சொல்ல மாட்டேன்னு சினிமாக்காரனுங்க கையெழுத்து வாங்கிகினு போனானுங்க. ஏஞ்சலு வேற இப்போதான் ஸ்கூல்ல வேலைக்கிப் போகுது. கோர்ட்டு, திருவள்ளூருன்னு அலைய எங்களால ஆவாது. பேஜாரு பண்ணாத.”

மகள் பெயரைக் கேட்டதும் ரோசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பச்சையப்பன் அந்தத் தாளை உருவி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறு தாளில் முதலிலிருந்து எழுதினார். காட்சிக்காக என்பதோடு நிறுத்தினார். படிக்கிறவர்கள் ஹீரோவைப் புகழ்வதாக நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட முடியவில்லை. வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு, மற்ற உறுப்பினர்களிடமும் நீட்டினார். கெங்கம்மாள் போட மாட்டேன் என்று எழுந்து போய், வாசலில் சற்று நின்று, திரும்பி வந்து போட்டாள். “அந்தோணிக்காகப் போடறேன். கண்ணாடி முன்னால நின்ன அந்தக் கய்தைக்கி இல்ல” என்றாள்.

உறையின் பசை காய்ந்து போயிருந்தது. நாக்கால் தடவியும் ஒட்டவில்லை. ரோசம்மாள் கேட்காமலேயே பானையிலிருந்து நாலு பருக்கை எடுத்துவந்து உறை ஓரத்தில் வைத்து நசுக்கித் தேய்த்தாள். அந்தோணி உறையை வாங்கி, தன் நெஞ்சின் மேல் வைத்து, ஒட்டுகிற வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விமல் அதைப் பார்க்க முடியாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனான்.

பச்சையப்பன் தபால் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய தபால் பையைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் உறையை எடைத்தட்டில் வைத்து எடுத்தாள். விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

“இன்னா சார் இது, ஈரமா கீது?”

“சோறு” என்றார். “ஒட்டிக்கும்மா.”

அவள் விரலை மேசை விளிம்பில் துடைத்துவிட்டு, உறையில் முத்திரை குத்திப் பைக்குள் போட்டாள். பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்கள்.