இரண்டு மில்லிமீட்டர் மழை

"போவ மாட்டேன்னா போவ மாட்டேன்" என்று எலைன் கட்டில் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

லூயிசாவுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு கம்பெனியின் ஏழு மாடியையும் கூட்டித் துடைத்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் அவள். பள்ளிக்கூடத்தில் விழா, பெற்றோர் கட்டாயம் வரவேண்டும் என்று சீட்டு வந்ததால், சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு லீவு போட்டிருந்தாள். இப்போது இது மல்லுக்கு நிற்கிறது.

"இன்னாடி நெனச்சிக்கினு கீறே? எழுந்திரு."

"இன்னிக்கு மேடு எழுந்திருக்கும்மா. நாங்க கணக்குப் போட்டு போர்டுல எழுதிட்டு வந்தோம்."

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் மேடு என்றால் ஒன்றுதான். சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு கொட்டிய சயனைடு மண். மலை மாதிரி கிடக்கிறது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து கிளம்பினால் அந்த மண் மாவாகப் பறந்து சோற்றில் விழும், கண்ணில் விழும், நெஞ்சில் போய் உட்காரும். அதைத்தான் மேடு எழுந்திருக்கிறது என்பார்கள். அன்றைக்கு வாசலுக்கு வாசல் ஈரக் கோணி தொங்கும். மூன்று வயதிலிருந்து வீசிங் உள்ள எலைன், மூச்சு மருந்து பம்ப்பை வாயில் அடித்துக்கொண்டு மூலையில் சுருண்டிருப்பாள்.

ஆனால் லைனில் இன்னொரு கணக்கும் உண்டு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் மேடு எழுந்திருக்காது. ஈர மண் எப்படிப் பறக்கும்? நேற்று மழை பெய்ததை லூயிசா பார்க்கவில்லைதான். ரயிலிறங்கி வந்தபோது சந்தெல்லாம் ஈரம். எதிர்வீட்டு கங்கம்மா, "தகரம் பொத்துக்கற மாதிரி அடிச்சிச்சி லூயிசா" என்றாள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"நேத்து மழ கொட்டிக்கீது. மேடாவது எழுந்திருக்கறதாவது!"

"கொட்டல. ரெண்டு மில்லிமீட்டரு. பள்ளிக்கூடம் விடறதுக்கு முன்ன நான்தான் அளந்தேன். தகரத்துல உழுந்தா சத்தம் பெருசா கேக்கும், அவ்ளோதான். மேட்டுக்கு மேல்தோல் மட்டும் நனஞ்சிக்கீது. வெயில் வந்தா பன்னெண்டு மணிக்குள்ள காஞ்சிடும். அப்புறம் காத்து."

"ஒங்க மனோகர் சாரு வானத்துக்கு ஏணி போட்டு ஏறிப் பாத்தாரா?"

மனோகர் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். ஜூன் மாதத்திலிருந்து பிள்ளைகளுக்கு இதுதான் பாடம். பழைய சட்டையின் கையை வெட்டிக் கம்பத்தில் கட்டிக் காற்றைப் பார்ப்பது, பாட்டிலை அறுத்து வைத்து மழையை அளப்பது, சாயங்காலம் மறுநாள் எப்படியிருக்கும் என்று கேட் பக்கத்துப் பலகையில் எழுதுவது. லைன் ஜனம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும். லூயிசாவும் சிரித்தவள்தான்.

காதைப் பிடித்துத் திருகி, இழுத்துக்கொண்டு போனாள்.

கேட்டில் தலைமை ஆசிரியர் ராஜப்பா தன் கையாலேயே ஈரத்துணி வைத்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'மேற்குக் காற்று பலம், தூசி எழும்' என்பதில் பாதி போயிருந்தது. பக்கத்தில் மனோகர்.

"சார், நிகழ்ச்சிய ஹாலுக்குள்ள வச்சிக்கலாம் சார்."

"ஹால்ல போட்டோ விழாதுப்பா! வானிலை மெஷின தொறந்து வைக்க பெங்களூர்லருந்து ஆபீசர் வர்றாரு. வர்றவரு கண்ணுல தூசி, கீசின்னு இதுதான் படணுமா? போன்ல பாரு, லேசான காத்துன்னு போட்டிருக்கான்."

"போனுக்கு மேடு கீறது தெரியாது சார்" என்றாள் எலைன்.

லூயிசா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "வாய மூடு. மழ பெஞ்சிக்கீது சார், ஒண்ணும் ஆவாது."

"ஆய்த்து, முடிஞ்சுது! கேட்டியா மனோகர், அந்தம்மாவுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல."

ராஜப்பா மிச்ச எழுத்தையும் துடைத்தார். பெரிய மனுஷன் வாயால் பாராட்டு வாங்கிய சந்தோஷத்தில் லூயிசா சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

மைதானம் பார்க்க அழகாக இருக்க வேண்டுமாம். பைகளையெல்லாம் ஒரு அறையில் போட்டுப் பூட்டினார்கள். ஒன்பதரைக்கு இருநூறு பிள்ளைகளையும் வெறும் தரையில் வரிசையாக உட்கார வைத்தாயிற்று. நடுவில் வானிலை மெஷின் மாட்டிய கம்பம் பளபளவென்று, அதைச் சுற்றி ரிப்பன். பத்து மணிக்கு ஆபீசர் என்றார்கள். பத்தரை ஆயிற்று. வெயில் சுள்ளென்று விழுந்தது. பதினொன்றுக்கு மேட்டின் கறுத்த ஈரம் ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்ததை லூயிசா பார்த்தாள். பார்த்தும், மழை பெய்த மேடுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் காற்றில் ஆபீசருக்குப் போட்டிருந்த பந்தலின் துணி படபடத்தது. அடுத்த காற்றில் மேடு எழுந்துவிட்டது.

வெள்ளைத் திரை ஒன்று சாலையைத் தாண்டி வந்து மைதானத்தின் மேல் கவிழ்ந்தது. பிள்ளைகள் பாவாடையையும் சட்டையையும் தூக்கி முகத்தை மூடின. "யாரும் எழுந்திருக்கக் கூடாது! கார் வந்துகிட்டே இருக்கு!" என்று மைக்கில் ஒரு வாத்தியார் கத்தினார். எட்டாம் வகுப்பு வரிசையில் எலைன் முன்னால் கவிழ்ந்திருந்தாள். லூயிசா ஓடிப்போய்த் தூக்கினாள். நெஞ்சுக்குள் விசில். உதடு நாவல்பழம் தின்றது போல.

"பம்ப்பு எங்கடி?"

"பை... பைல."

பை பூட்டிய அறையில். சாவி ராஜப்பாவிடம். ராஜப்பா கேட்டுக்கு வெளியே, கையில் ரோஜா மாலையோடு. அவளை மனோகர் மடியில் போட்டுவிட்டு லூயிசா ஓடினாள்.

"சாவி குடு சார், புள்ளைக்கு மூச்சு வரல!"

"ரெண்டே நிமிஷம்மா, கார் திரும்பிடுச்சி..."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் சட்டைப்பையில் கைவிட்டு இழுத்தாள். பை கிழிந்து சாவி கையோடு வந்தது. அறையில் ஒரே மாதிரி நீலப் பைகள் இருநூறு. ஒவ்வொன்றாக உதறிக் கொட்டினாள். எத்தனை பையை உதறினாளோ, அவளுக்கே தெரியாது. கடைசியில் பம்ப்பு கிடைத்தது. அதற்குள் மனோகர் எலைனைத் தாழ்வாரத்துக்குத் தூக்கி வந்திருந்தார். ஓடிவந்து அவள் வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அழுத்தலுக்கு அப்புறம்தான் விசில் இறங்கியது.

ஆபீசர் வந்த கார் கண்ணாடியை இறக்காமலே கேட்டில் நின்றது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

தூசியில் நரைத்துப்போன ராஜப்பா, கிழிந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். "இதெல்லாம் இயற்கைம்மா. யாருக்குத் தெரியும்?"

லூயிசா எழுந்து நின்றாள்.

"யாருக்குத் தெரியுமா? எட்டாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரிஞ்சிக்கீது. எழுதி வச்சிக்கீது. ஒங் கையால தொடச்சே. புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுக்கு மெஷினு வாங்கறே, அதுங்க கத்துக்கினு சொன்னா அழிக்கறே. அப்போ எதுக்குய்யா பள்ளிக்கூடம்? ரிப்பன் கட்டறதுக்கா?"

"மரியாதையா பேசு. நீதானே ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னே?"

"சொன்னேன். எம் புள்ள காலைல கட்டில் காலப் புடிச்சிக்கினு அழுதுச்சி, காதத் திருகி இழுத்தாந்தேன். அந்தப் புத்தியத்தான் நீ மெச்சினே. அத செருப்பால அடிக்கணும், நானே அடிச்சிக்கறேன். நான் மாடி தொடைக்கறவ. நீ இன்னா படிச்சிட்டு அந்த சேர்ல குந்திக்கினு கீறே?"

ராஜப்பா மைக்கைத் தேடிப் போனார். கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது. விழா நாளைக்கு, அதே இடம், அதே ஒன்பதரை மணி. வராத பிள்ளைகளின் பெயர் குறிக்கப்படும்.

எலைன் சுவரில் சாய்ந்திருந்தாள். "பதினொண்ணே காலுக்கே வந்துடுச்சி சார். நாம பன்னெண்டுன்னு எழுதினோம்" என்றாள் மனோகரிடம், குரல் கரகரத்துப் போய். மனோகருக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசியாகவும் இருக்கலாம்.

லூயிசா மகள் பக்கத்தில் குந்தினாள். "நாளைக்கு எப்பிடிடி?" பதின்மூன்று வருஷத்தில் மகளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் சீக்கிரம் வரும்மா. ஈரமே இல்ல."

அவ்வளவுதான். லூயிசா தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்த தாய்மார்கள் பக்கம் திரும்பினாள். "காதுல உழுந்துச்சா? நாளைக்கு ஒருத்தியும் புள்ளைய இங்க அனுப்பக் கூடாது."

"வதந்தி கெளப்பாதே!" என்று ராஜப்பா மைக்கில் கத்தினார்.

பேரனை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டிருந்த கங்கம்மா தயங்கினாள். "நிறுத்திக்கலாம் லூயிசா. டீசி கிழிச்சிக் குடுத்துட்டான்னா?"

"குடுத்தா வாங்கி மடிச்சி வச்சிக்க. மூச்சு நின்னுபோச்சின்னா அத எவன் எழுதிக் குடுப்பான்?"

எலைனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் வயதில்லை. ஆனாலும் தூக்கினாள். கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எத்தனை ஜோடி என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.