அம்மா செய்த கோழி சாலட்

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் தேவாலய வளாகத்தில் ஓக் மரங்களுக்கடியில் பலகை போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். பாத்திரம் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வீட்டம்மாவும் அதன் அடியில் தன் பெயரை எழுதி ஒட்டியிருப்பாள். ஒன்பது வருடமாகத் தேங்காய் கேக்கின் அடியில் இருந்த பெயர் கொரின் சாட்டர்ஃபீல்ட். என் அம்மா. கேக்கைச் செய்தவள் வெர்ஸி. எங்களைப் போன்ற வெள்ளைக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் சமைக்க ஒரு கறுப்பினப் பெண் இருந்தாள். பலகையிலிருந்த பாதிப் பெயர்கள் பொய். அது எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பில் எழுந்து பாடம் ஒப்பிக்க எனக்கு வாய் வராது. பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டேன். பிறகு என் பகலெல்லாம் வெர்ஸியோடு அடுக்களையில். கோழி சாலட் செய்தால், அதில் கலந்த முட்டை மயோனைஸ் வெயிலில் கெட்டுவிடுமென்று, ஆராதனையின் கடைசிப் பாட்டு முடியும்வரை அவள் அதைப் பனிக்கட்டித் தொட்டியை விட்டு எடுக்க மாட்டாள்.

இந்த வருடம் அதே ஞாயிறு வெர்ஸியின் மகளுக்கு ஞானஸ்நானம். மே மாதமே விடுப்புக் கேட்டிருந்தாள். கேக்கை சனிக்கிழமையே செய்து வைத்துவிட்டுப் போனாள். "ஒரு கோழி சாலட் செய்ய எனக்குத் தெரியாதா?" என்று அம்மா அதைத் தானே செய்தாள். தன் பாத்திரம் பலகையில் முதலாவதாக இருக்கவேண்டுமென்று ஆராதனைக்கு முன்பே கொண்டுபோய் வைத்தாள். போதகர் இரண்டு மணி நேரம் பேசினார். மர நிழல் பாத்திரத்தை விட்டு நகர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் முப்பது பேருக்கு வாந்தி. கிழவர் பர்டெட் பிழைப்பாரா என்று மருத்துவருக்கே சந்தேகம். சாலட் சாப்பிட்டவர்களுக்கு மட்டும்தான் என்பது திங்கட்கிழமைக்குள் தெரிந்துபோனது.

செவ்வாய்க்கிழமை போதகரின் மனைவி மிஸஸ் பிளெட்சோ இன்னும் இரண்டு பெண்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெர்ஸி பிழிந்த லெமனேடை நான் முன்னறைக்குக் கொண்டுபோனேன். என் தம்பி ஹார்லன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எட்டு வயது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அந்தச் சாலட் வெர்ஸி செஞ்சது. கை கழுவு, கை கழுவுன்னு ஒன்பது வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்திட்டேன்."

"அவங்களுக்கு அதெல்லாம் எங்க ஏறும், கொரின்?" என்றார் மிஸஸ் பிளெட்சோ.

"அப்ப இந்த லெமனேட் யார் போட்டது?" என்றான் ஹார்லன்.

மூன்று தம்ளர்களும் பாதி வழியில் நின்றன.

"ஹார்லன், வெளிய போய் விளையாடு."

தட்டை மேசையில் வைத்தேன். "வெர்ஸி ஞாயித்துக்கிழம வரவே இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்கதான் செஞ்சீங்க அம்மா. வெயில்ல வெச்சீங்க."

"ஓபல்!"

"எல்லாமே வெர்ஸிதான் செய்றான்னா கேக்கும் வெர்ஸிதான?" என்றான் ஹார்லன். அவன் வெளியே போயிருக்கவில்லை.

அம்மா மிஸஸ் பிளெட்சோவை நேராகப் பார்த்தாள். "கேக் நான் செஞ்சது. சாலட் அவ செஞ்சது."

ஒருத்தியாவது சிரிப்பாள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மிஸஸ் பிளெட்சோவின் பெயரில் வரும் பீச் பழப் பலகாரம் யார் கையால் ஆனது என்று எனக்குத் தெரியும். அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "பாவம் பிள்ளைங்க. நாள் பூரா அவகூடயே கெடந்தா, அவ சொல்லிக் குடுக்கறதத்தான பேசும்?"

"அதேதான்" என்றாள் அம்மா. பிடி கிடைத்துவிட்ட முகம். மிச்ச லெமனேடையும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அடுக்களையில் வெர்ஸி ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிட்டேன், வெர்ஸி."

"கேட்டுச்சு. உன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"உண்மைதான?"

"உண்மை அவங்களுக்குத் தெரியாதாக்கும்?" ஏப்ரனை மேசைமேல் எறிந்தாள். "அவங்க வந்தப்ப நான் கை கழுவாதவ. இப்ப வெள்ளக்காரப் பிள்ளைங்களுக்கு வெஷம் ஏத்தறவ. முன்னதுக்கு வேற வீட்ல வேல கெடைக்கும் பாப்பா. இதுக்கு ஒரு வீட்லயும் கெடைக்காது. உனக்கு மனசு லேசாயிருச்சுல்ல? நல்லாரு."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. ஏன் தேற்றவேண்டும்?

அன்றும் மறுநாளும் வெர்ஸி வேலை கேட்டுப் பதினோரு வீடுகளின் பின்கதவைத் தட்டினாள். பதினோரு வீட்டிலும் சேதி அவளுக்கு முன்னால் போயிருந்தது. சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு மேகன் நகரத்தில் இருக்கும் தங்கையிடம் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா ஜெபம் சொல்லி முடித்தார். அம்மா பீன்ஸ் பரிமாறினாள். "ஒரு வார்த்த சொல்லிக்காம போயிட்டா பாருங்க. எத்தன பழைய துணி குடுத்திருப்பேன். நன்றிங்கறது அந்த ஜனங்க ரத்தத்துலயே கெடையாது."

ஹார்லன் என்னைப் பார்த்தான்.

"அவ போகல" என்றேன். "நீங்க தொரத்துனீங்க."

"ஓபல், சாப்பிடு" என்றார் அப்பா.

"நீங்க பண்ணுன தப்புக்கு அவளத் தொரத்துனீங்க!" ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் பேச்சுச் சத்தம் நின்றது.

"மெதுவா பேசுடி, யாருக்காவது கேக்கப் போகுது" என்றாள் அம்மா.

நான் எழுந்து ஜன்னலருகே போய் இன்னும் உரக்கச் சொன்னேன்.