பால் காய்ச்சாத வீடு

பீரோவை ஏற்றி வந்த அதே குட்டியானையில்தான் வீரபாகுவும் திரும்பி வந்தார். காலையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. மதியம் பின்னால் படுத்து. கேட்டைப் பாதி திறந்துவைத்து, வண்டிக்கு முன்னால் கையை நீட்டி நின்றார் அப்பார்ட்மென்ட் செயலாளர் நவநீதன்.

'ராயல் பாலாறு வ்யூ' என்று பெயர். பதினாறு சின்ன வீடுகள். எந்த ஜன்னலைத் திறந்தாலும் தோல் பதனிடும் ஷெட்டின் சுவர்தான் தெரியும்; மூடினாலும் வாடை வரும். ஆனால் அசோசியேஷன் உண்டு. செயலாளர் கழுத்தில் அடையாள அட்டை உண்டு. அதை அவரே அச்சடித்துக்கொண்டார்.

"பாடிய மேல ஏத்த முடியாதும்மா."

யோகலட்சுமி அப்பாவின் காலைப் பார்த்தாள். ஒன்றில் செருப்பு இல்லை. முதல் மாடித் திருப்பத்தில் பீரோவைச் சாய்த்தபோது, "இரு தோஸ்த், மூச்சு வாங்குது" என்று படியில் உட்கார்ந்தவர்தான். பீரோவைக் கீழே இறக்கிவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் அதிக நேரம் பார்க்கவில்லை.

"எங்க சார் எடுத்துனு போறது? வாடகை வூட்டுச் சாவிய காலைலயே குடுத்துட்டோம். எங்களுக்கு இதான் வூடு."

"பார்க்கிங்ல வெச்சிக்குங்க. மனிதாபிமான அடிப்படையில ரெண்டு மணி நேரம் அலோ பண்றேன்."

"அவரு சொந்த வூடு சார் அது."

இதற்காகவே காத்திருந்தவர்போல நவநீதன் தொண்டையைச் செருமினார். "பத்திரப்படி சொந்தம். ஆனா இன்னும் பால் காய்ச்சல. பால் காய்ச்சாத வீட்ல யாரும் குடிவந்ததா கணக்கு இல்ல. குடிவராதவரு ரெசிடென்ட் இல்ல. ரெசிடென்ட் இல்லாதவரோட பாடிய..."

வாக்கியத்தின் அழகில் அவரே மயங்கி நின்றுவிட்டார்.

நாளை, வெள்ளிக்கிழமை காலை, பால் காய்ச்சுவதாக இருந்தது. குட்டியானை இன்றுதான் கிடைத்தது. "சாமான் முன்னாடி போவட்டும். நம்ம நாளைக்கு ஷோக்கா போலாம்" என்றவர் அப்பாதான்.

வண்டியின் பின்னாலிருந்து மஹபூப் பாஷா இறங்கினார். ஆம்பூர் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் வீரபாகுவுக்கு அடுத்த மேஜை, இருபத்தெட்டு வருஷமாக. சாமான் தூக்க லீவு போட்டு வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"இன்னா சார் சொன்னீங்க? பால் காய்ச்சினா ரெசிடென்ட்டா?"

"அதான... சம்பிரதாயம்."

"யோகா, ஸ்டவ்வு எங்க கீது?"

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது.

"மேல வெச்சாச்சி மாமா. பாலு வாங்கணும்."

"வாங்கினு போ. உன் அப்பன நான் பாத்துக்கிறேன். இருபத்தெட்டு வருசமா அதான செய்றேன்."

"இன்னா பாய் இது, வெளையாட்டா?" என்றார் நவநீதன்.

"சம்பிரதாயம் சார்" என்றார் பாஷா.

எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். திருப்பத்தில் அப்பாவின் ஒற்றைச் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. தாண்டிப் போனாள். நாளைக்கென்று எடுத்துவைத்திருந்த புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் பூசியிருந்தது. அப்பா பூசியது, ஒரு பக்கம் தடிப்பாக. பால் ஏறிக்கொண்டே வந்தது. அவள் அடுப்பைக் குறைக்கவில்லை. புது ஸ்டவ், புது மேடை, தரை எல்லாம் வழியவிட்டாள். பிறகு ஜன்னலைத் திறந்து, பதினாறு வீட்டுக்கும் கேட்கக் கத்தினாள்:

"மாமா! பொங்கிச்சி! தூக்குங்க!"

பாஷாவும் டிரைவரும், ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து ஓடிவந்த ஜான்சனும் இன்னொருவரும் தூக்கினார்கள். நவநீதன் கேட்டைப் பிடித்திருந்தார். ஆனால் எந்த விதியின்படி மூடுவது என்று அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. படிக்கட்டிலிருந்து பாஷாவின் குரல் வந்தது.

"திருப்பத்துல தலைப்பக்கம் தூக்கு. கால செவுத்தோரம் விடு. ஒடம்பு திரும்பாதா? பீரோவே திரும்பும்னு காலைல அளவு சொன்னவன்டா இவன். திரும்பும். தூக்கு."

அப்பாவைக் கூடத்தில் கிடத்திய பிறகு, யோகலட்சுமி ஒரு டம்ளரில் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, கீழே வந்தாள். பார்க்கிங்கில் அநாதையாக நின்ற பீரோவின் கண்ணாடியில் நவநீதன் தெரிந்தார். அவளைக் கண்டு திரும்பினார்.

"மொத டம்ளர் உங்களுக்குத்தான் சார். புது வூடு."

பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் உறைத்தது. குடித்தால் வீரபாகு குடிவந்தவர். சாவு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றால், இது வீரபாகுவின் வீடு என்றாகிவிடும்.

"குடிங்க சார். ஆறிடப் போவுது."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பாலின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது.

அவள் படியேறினாள். திருப்பத்தில் குனிந்து அந்தச் செருப்பை எடுத்தாள். மேலே வாசலில், அதன் ஜோடியைப் பாஷா யாருக்கும் தெரியாமல் கழற்றிவைத்திருந்தார். அதை ஒட்டி இதையும் வைத்தாள், வெளியே பார்த்தபடி, வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது இருப்பதுபோல.