வலை வீசிய கலமும் விதை வெங்காயமும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சளிக்கட்டியிலிருந்து பிறந்தது. முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். சண்டிலிப்பாயில் இருக்கும் என் தங்கை சுபாஜினி இருமி இருமி வெளியே எடுத்த கட்டி அது. இறப்பர் போல இழுபட்டது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சளியும் இரத்தமும் பார்க்கிறவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவன். அவள் அதைப் போத்தலில் போட்டு, தன் புருஷன் பஞ்சலிங்கத்திடம் கொடுத்தனுப்பினாள். என் இரண்டு தொழிலுக்கும் உதவும் என்று நினைத்தாளோ என்னவோ.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"தன் உயிரைக் கொடுத்து எங்களைக் காத்த ஒரு வெண்குருதிக் கலத்தின்..."

வேண்டாம். இந்த மண்ணில் இருந்துகொண்டு இந்த வசனத்தை எழுதி முடிக்க எனக்குத் துணிவில்லை. வாசிக்கிறவர் வேறு யாரையோ நினைத்து அழத் தொடங்கிவிடுவார். வெட்டிவிட்டேன்.

இரண்டாவது முயற்சி, நேரே விஷயம். வேண்டாத கிருமி உள்ளே வந்தால் சில வெண்குருதிக் கலங்கள் வெடித்து, தங்கள் டி.என்.ஏ.யையே இழையிழையாக வெளியே எறிகின்றன. வந்தது அந்த வலையில் சிக்கிக்கொள்ளும். நல்ல வேலைதான், யார் இல்லையென்றது? ஆனால் சில ஒவ்வாமைக்காரரின் நெஞ்சில் இந்தக் கலங்களுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. கொஞ்சம் பூஞ்சணத் தூள் போனாலும் வலை, வலைக்கு மேல் வலை. பூஞ்சணம் செத்ததோ இல்லையோ, வலை சளியோடு சேர்ந்து இறுகி மூச்சுக் குழாயை அடைக்கிறது. காக்க வந்த கோதாரி கழுத்தை நெரிக்கிறது.*

* வலையை எங்கள் நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியாது. அது நான் படித்தது. நான் பார்த்தது அந்தக் கலங்கள் வெடித்தபின் மிஞ்சும் ஊசிப் பளிங்குகளை. தங்கையின் சளியில் அவை அள்ளிக் கொட்டினது போலக் கிடந்தன. (இது கதையல்ல, கட்டுரை என்று பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்புவார். அனுப்பட்டும்.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். பஞ்சலிங்கத்தைப் பிடித்துப் போட்டேன்.

காரணம் இருக்கிறது. சுபாஜினியைக் காற்றோட்டமான அறையில் படுக்க வைக்கச் சொன்னார் வைத்தியர். அந்த வீட்டில் காற்று வரும் அறை ஒன்றுதான். அதில் ஏற்கெனவே குடியிருப்பது விதை வெங்காயம். அடுத்த நடுகைக்கென்று பிடிபிடியாகக் கட்டிக் கூரை மரத்தில் தொங்குகிறது. விதை அழுகாமல் கிடக்க அதற்கும் காற்று வேண்டும். ஆகவே வைத்தியர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். வெங்காயத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டார்கள். தோலில் படிந்த கறுப்புப் பூஞ்சணம் காற்று அடிக்க அடிக்க அவள் முகத்தில் கொட்டுகிறது. நல்ல காற்றோட்டம்!

மனைவியைவிட வெங்காயம் பெரிதென்று நினைக்கும் ஒரு கல்நெஞ்சனை மூன்று பக்கம் எழுதிவிட்டு, அதே சூட்டோடு நேரே போய்ப் பஞ்சலிங்கத்தை ஏசினேன். மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, வெங்காயத்தை வீட்டுக்குப் பின்னால் இறக்கின பத்திக்கு மாற்றுவோம் என்று தான் அன்றைக்கே சொன்னதாகவும், அவள்தான் விடவில்லை என்றும் சொன்னார். போன முறை பத்தி ஈரத்தில் விதை முழுக்க அழுகி, தோட்டத் தறை நட ஒன்றுமில்லாமல் வெறுமனே கிடந்ததாம்.

சுபாஜினி கட்டிலில் குந்தியிருந்து, மூச்சு முட்டினால் வாய்க்குள் அடிக்கும் மருந்துப் பம்மைக் கையில் பிடித்தபடி சொன்னாள்:

"அண்ணை, எனக்கு... முட்டினா பம்... அடிக்கலாம். விதை அழுகினா... என்னத்தை அடிக்கிறது?"

[புள்ளிகள் என் உத்தி அல்ல. ஒரு வசனத்தை அவளால் ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை.]

மூன்று பக்கமும் குப்பைக்குள் போயிற்று. இனி நான் யாரோடு கோபிப்பது? கலத்தோடா?

4

முடிவுகள். உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

அ) நான் வெங்காயத்தைப் பலவந்தமாகப் பத்திக்கு மாற்றுகிறேன். அது அழுகுகிறது. அவள் மூச்சு விடுகிறாள், என்னோடு மட்டும் கதைப்பதில்லை.

ஆ) ஒருநாள் விடியப் பஞ்சலிங்கம் போன் எடுத்து...

(இதை நான் எழுத மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.)

இ) மருந்து எல்லாவற்றையும் சரிப்படுத்துகிறது. குளிசை போடுகிறாள்தான், ஆனால் அந்த வெங்காயத்துக்குக் கீழே இருந்துகொண்டு போடுகிறாள். எனக்கு விசர் பிடிக்கிறது.

அ-வையும் இ-யையும் போனில் அவளுக்கு வாசித்தேன். சிரித்தாள், சிரிப்பு இருமலாகியது. நான் போனைப் பிடித்தபடி காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தால் கேட்டாள்:

"அண்ணை, நீ எழுதிற... அறைக்கு ரெண்டு... யன்னல் எல்லே?"

5

ஓம். இரண்டு யன்னல். சுன்னாகத்தில் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததே இந்த அறைக்காகத்தான். ஒரு யன்னலால் வரும் காற்று மற்றதால் போகும், தாள்களுக்கு மேல் கல் வைத்துத்தான் எழுதுவேன். வைத்தியரையும் மச்சானையும் அந்த விசர்க் கலத்தையும் இங்கே இருந்துதான் இவ்வளவு நாளும் திட்டினேன்.

வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆசிரியன் நான், ஒரு பாத்திரம் என் அறையைக் கேட்கலாமா? எனக்கும் தூசிக்குத் தும்மல் வரும். மேசையை ரீவிக்குப் பக்கத்தில் போட்டு நான் என்ன எழுதுவது? இப்படியெல்லாம் கத்த வாயைத் திறந்தேன். மறுமுனையில் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. வெங்காயத்தை இங்கே அனுப்பு என்றுவிட்டேன்.

படலையடியில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்து நிற்கிறது. பெட்டி நிறைய வெங்காயம், மேலே பஞ்சலிங்கம். நெஞ்சில் இறுகினது ஒரே நாளில் கரையாது. கரையுமா என்பதும் எனக்குத் தெரியாது. அவள் இனி ஒரு முழு வசனம் சொல்லி முடிப்பாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு இப்போது நேரமில்லை. அதற்கு முதல், இந்த மேசையின் மற்றப் பக்கத்தை ஒருக்கால் பிடியுங்கள்.