கல்லறைக் கல்லில் ஒரு கோள்

ராஜையா கொத்தனார் கல்லில் உளி வைக்கும் முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் விலாசினி பாறசாலைக்கு ஓடி வந்தாள். தயங்கித் தயங்கி நாளைக் கடத்தியவளுக்காகக் கல் காத்திருக்குமா? ஆலய முற்றத்தில் எல்லாம் வெட்டி முடிந்திருந்தது: ‘ஈசாக். புதிய கோளைக் கண்டவர்.’

ஈசாக் வானாய்வகத்தில் அவளோடு வேலை பார்த்தவர். அவர் இறந்து ஓர் ஆண்டு ஆகிறது, மறுநாள் ஆண்டு ஜெபம். கல்லறைமேல் கல் வைப்பார்கள். பெயருக்குக் கீழே, ஆள் செய்த பெரிய காரியத்தை ஒரு வரியில் வெட்டுவது அந்தச் சபையின் வழக்கம். பள்ளிக்கூடம் கட்டியவர் உண்டு, கிணறு தோண்டியவர் உண்டு. வேறு சூரியன்களின் கோள்களை உலகமே அப்போதுதான் ஒன்றிரண்டாகக் கண்டுகொண்டிருந்தது. அதில் ஒன்று நம்முடையது என்று ஊர் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தது. காட்டாக்கடைச் சந்தை வரைக்கும் அதே பேச்சு.

ஈசாக் பார்த்த நட்சத்திரம் உடம்பெல்லாம் கரும்புள்ளி கொண்டது. அதன் ஒளி தவணை தவறாமல் மங்கித் தெளிந்தது. குறுக்கே கோள் போகிறது என்றார் அவர். மங்கும்போது ஒளியின் நிறம் இம்மியளவு விலகுவதை அளந்து, நட்சத்திரம் சுழலும் திசையிலேயே கோளும் துளியும் சாயாமல் சுற்றுகிறது என்று கணக்கிட்டார். அந்த அச்சுப்பிசகாத ஒழுங்குதான் காலை வாரிவிட்டது. இந்த வருடம் விலாசினி மறுபடி பார்த்தபோது மங்கலையே காணோம். கோள் என்றால் எங்கே போய்விடும்? அது நட்சத்திரத்தின் மேலேயே இருந்த ஒரு பெரிய புள்ளி. நட்சத்திரத்தோடு சேர்ந்து சுழன்றதால்தான் அத்தனை ஒழுங்காகத் தெரிந்தது, பிறகு கரைந்துபோனது.

ஈசாக்கின் மனைவி புஷ்பபாய் எழுத்துகளைத் தடவிக்கொண்டு நின்றாள்.

“கண்டியா மக்கா? நல்லா விழுந்திருக்கு, இல்லியா?”

பேசாமல் ஜெபத்துக்கு இருந்துவிட்டுப் போய்விடலாம், இங்கே யார் கேட்கப்போகிறார்கள் என்று விலாசினியின் மனம் ஆசை காட்டியது. அந்த ஆசை அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

“அக்கா, அது கோள் இல்ல. நட்சத்திரத்துக்க மேல உள்ள புள்ளியாக்கும். அண்ணனும் நானும் ஏமாந்துட்டோம்.”

தடவிய கை அப்படியே நின்றது.

“உறப்பா? நல்லாத் தெரியுமா?”

“உறப்பாக்கும். திரும்பத் திரும்பப் பாத்தாச்சு.”

“அவரு இத அறிஞ்சாரா?”

“இல்ல அக்கா.”

புஷ்பபாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, கீழ உள்ள வரியச் செத்திக் களையும்.”

“செத்தினா பள்ளம் தெரியுமே அம்மா. வேற கல்லு பாப்போமா?”

“பள்ளம் தெரியட்டு. அவரு ஒரு வரி எழுதணும்னா பத்து தடவ அழிப்பாரு. இருந்திருந்தா இதையும் அவரே அழிச்சிருப்பாரு.”

ராஜையா உளியை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் புஷ்பபாய் விலாசினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.