ஞாயிற்றுக்கிழமை வரைபடம்

மணி மூன்று நாற்பது. சைதாப்பேட்டைத் திட்ட அலுவலகத்தில் ஆட்சேபனை வாங்கும் கவுன்டரை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இன்றுதான் கடைசி நாள்.

நீரஜாவின் மயிலாப்பூர் ஃப்ளாட்டில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஏஞ்சல். மீன்காரி. மடியில் குப்பத்து ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரின் கையெழுத்து. அவர்கள் மீன் காயவைக்கும் மணலில் அரசாங்கம் கார் நிறுத்தம் கட்டப்போகிறது.

"யக்கா, சட்னு உன் கையெழுத்தையும் போடு. ஓடணும்."

"ஒரு நிமிஷம்."

இருபது வருடமாக நகரத் திட்டங்களைப் பற்றி எழுதி, அவற்றோடு மல்லுக்கட்டும் பத்திரிகைக்காரி. பின்னிணைப்பைப் பார்க்காமல் நீரஜா எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கார் நிறுத்தத் திட்ட அறிக்கையை எடுத்துப் புரட்டினாள்.

பக்கம் நாற்பத்தேழு. 'தற்போதைய பயன்பாடு: காலியிடம். ஆதாரம்: நீரஜா குழுவினரின் மக்கள் வரைபடம்.'

அந்த வரியில் விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள்.

"ஏஞ்சல், அந்த மணல்ல என்னைக்காவது மீன் இல்லாம இருக்குமா?"

"ஞாயித்துக்கெழம இருக்காது. சர்ச்சுக்குப் போற நாள்ல எவன் கடலுக்குப் போவான்? சனிக்கெழமயே எல்லாத்தையும் வாரிடுவோம். இன்னாத்துக்குக் கேக்குற?"

மூன்று வருடத்துக்கு முன் தெருத் தெருவாக நடந்து அளந்தவர்கள் முப்பது தன்னார்வலர்கள். பாதிப் பேர் தரமணி ஐடி கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு ஒழிந்த நாள் ஞாயிறு மட்டும்தான். அந்த மணலுக்குக் 'காலி' என்று மஞ்சள் அடித்தது நீரஜாவின் கையேதான்.

"இதுல ஆதாரமா போட்டிருக்கிற மேப் நான் வரைஞ்சது."

ஏஞ்சல் அவளையே பார்த்தாள். "எங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"வீடெல்லாம் பூட்டியிருந்தது."

"பூசைல இருந்தோம். ரெண்டு தெரு தள்ளி. ஒரு எட்டு வந்திருந்தா மெழுகுவர்த்தியாவது ஏத்தியிருப்ப."

நீரஜா வக்கீல் மதிவாணனுக்கு போன் போட்டாள். அடையாறு சதுப்பு நில வழக்கை நடத்துகிறவர். வழக்கே அந்த வரைபடத்தின் மேல்தான் நிற்கிறது.

"குப்பத்து மணல் விஷயத்துல நம்ம மேப் தப்புன்னு ஆட்சேபனைல எழுதப்போறேன் சார்."

"விளையாடறீங்களா? ஒரு இடம் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டா, மொத்தமும் குப்பைன்னு எதிர்த்தரப்பு வக்கீல் வாயெல்லாம் பல்லா நிப்பான். மூணு வருஷ உழைப்பு போயிடும். கையெழுத்தை மட்டும் குடுத்துட்டு வாங்க."

"வெறும் கையெழுத்தை என் மேப்பை வச்சே அடிச்சிடுவாங்க சார்."

போனை வைத்துவிட்டாள். பேனாவை எடுத்தாள். 'அந்த இடத்தைக் காலியிடம் என்று குறித்தது என் பிழை. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அங்கே மீன் காய்கிறது. வந்து பாருங்கள்.'

ஆட்டோ. ஆழ்வார்பேட்டையில் சிக்னல், தேனாம்பேட்டையில் இன்னொன்று. நீரஜா நகம் கடித்தாள். ஏஞ்சல் டிரைவரின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள். "நைனா, சந்துல பூந்து போ நைனா!"

நாலு ஐம்பத்தாறு. கவுன்டர்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். பேரைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

"மேப்பும் நீங்க. ஆட்சேபனையும் நீங்களா மேடம்?"

"ஆமா."

"இத வச்சா மேல இருக்கறவங்க நேர்ல வந்து பார்த்தே ஆகணும். ஆனா உங்க பேரு..." முடிக்காமல் சீல் குத்தினார்.

வெளியே வந்ததும் ஏஞ்சல் அவள் கையிலிருந்த ஒப்புகைச் சீட்டை வாங்கி, மடித்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இது எங்கூட இருக்கட்டும். செவ்வாக்கெழம விடிகாலைல வா. மூக்கப் பொத்திக்கினு வராத."

நீரஜா தனியாகத் திரும்பினாள். வழியில் தி.நகர். ஆட்டோ ஜன நெரிசலில் ஊர்ந்தது. நடைபாதையில் கடைகள், கடைகளுக்கு முன்னால் ஆட்கள். இதையும் நீரஜா அளந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை.

போனை எடுத்துத் தன்னார்வலர் குழுவில் தட்டினாள்: 'செவ்வாய் யாரால் லீவ் போட முடியும்? நாம் அளந்த நானூறு தெருவையும் மறுபடி அளக்க வேண்டும். முதலிலிருந்து.'

மூன்று பேர் படித்துவிட்டார்கள். பதில் இல்லை. நாலாவது ஆளும் படித்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்:

"டிரைவர், இங்கேயே நிறுத்துங்க. இந்தத் தெருவை நடந்து பார்க்கிறேன்."