தெனிங் ஃபாயின் புருஷன் சாகவில்லை

டக்காரில் கலைவிழா மாதம் வந்துவிட்டால் தெனிங் ஃபாய் வீட்டில் ராத்திரி அடுப்பு எரியாது. சூம்பெஜூன் கடற்கரையில் மீன் சுட்டு விற்று முடித்ததும், கையைக் கழுவி, நல்ல துணியாக எடுத்துச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எந்தத் திறப்புவிழாவில் இறைச்சி வைத்துப் பொரித்த ஃபதாயா சூடாகக் கிடைக்கும், எங்கே பிஸ்ஸாப் பானத்தில் தண்ணீரைக் கலப்பார்கள், எந்த ஓவியர் பேச ஆரம்பித்தால் நாற்காலி தேட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. படங்களையும் பார்ப்பாள். பிடித்திருந்தால் இன்னொரு ஃபதாயா எடுப்பாள். பிடிக்காவிட்டால் மனசு ஆற இரண்டு.

இந்த வருஷம் அவளே படமாகித் தொங்கினாள்.

சேதி அழுகையாகத்தான் வந்தது. காலையில் மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடைப் பெண்கள் இருவர் துக்கம் கேட்கக் கொண்டுபோகும் கோலாக்கொட்டைப் பொட்டலத்தோடு வந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே தெனிங்."

"எதை?"

"லத்தீரைக் கடல் கொண்டுபோனதை."

அவள் புருஷன் லத்தீர் அப்போது பின்னால் படகு நிழலில் மல்லாந்து, அலைச் சத்தமே கேட்காதபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் தையல்காரன். கட்டிப்போட்ட படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன். கடல் அவனைக் கொண்டுபோக வேண்டுமானால் வீட்டுக்கு வந்துதான் கூட்டிப்போக வேண்டும்.

துறைமுகத்தருகே பழைய வேர்க்கடலைக் கிடங்கில் நடக்கும் கண்காட்சியில் அந்தப் பெண்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஆள் உயரப் புகைப்படம். அடுப்புப் புகையில் தெனிங்கின் கண் கலங்கியிருக்கிறது. கீழே சீட்டில் பெயர்: 'கடலுக்குக் கணவனைத் தந்தவள்'.

லத்தீர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். மத்தியானம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவன் அவனைக் கண்டதும் துணியைப் போட்டுவிட்டு ஓடினான். அப்புறம் ஃபாத்திக் ஊரிலிருந்து அவன் சித்தப்பா போன் செய்து, தையல் மிஷின் யாருக்கு என்று கேட்டார். அதோடு சிரிப்பு நின்றது.

"ஊர் வாய் பொல்லாது தெனிங். இத்தனை பேர் செத்தான் செத்தான்னா நிஜமாவே செத்துருவேன்" என்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். லத்தீர் சோற்றைத் தள்ளி அவள் பார்த்ததே இல்லை.

"எழுந்திருய்யா. உன்னை உயிரோட கூட்டிட்டு வரணும்."

"உயிரோடதானே இருக்கேன்."

"இங்க இருக்க. அங்க இல்ல."

கிடங்கு வாசலில் காவலாளி அழைப்பிதழ் கேட்டான். சட்டையில் குத்தியிருந்த பெயர் தெம்பா சோ. சோ என்றால் புலார் இனம். தெனிங் செரேர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் கேலிமுறை உண்டு. பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் அடிமை என்று திட்டிக்கொள்ளலாம்; செரேர் புலாரை மாட்டுக்காரன் என்பார், புலார் செரேரைச் சோற்றுக்கு அலைகிறவர் என்பார். கோபப்படுகிறவர் தோற்றார், அடுத்தவர் கேட்டதைச் செய்தாக வேண்டும்.

"மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வேண்டிய என் அடிமை, எஜமானியையே வாசல்ல மறிக்கிறியா?"

தெம்பாவின் முகம் மலர்ந்தது. "செரேரா? அதானே, சோத்து வாசனை பிடிச்சுட்டு வந்திருக்கே. போ, போ. தட்டை மட்டும் மிச்சம் வை."

உள்ளே, படத்தடியில் புகைப்படக்காரன் சிரே தால் வெளிநாட்டுக்காரர்கள் நடுவே நின்றிருந்தான். வெளிநாட்டில், லியோனில் வளர்ந்த புலார் பையன். அவனைப் பார்த்ததும்தான் தெனிங்குக்கு ஞாபகம் வந்தது. படமெடுக்க வந்த அன்றைக்குக் கடற்கரையில் அவன் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "புருஷன் எங்கக்கா?" என்று கேட்டான். தால் என்ற புலார்ப் பெயரைக் கேட்டதும் கேலி செய்ய இவளுக்கு நாக்கு ஊறிவிட்டது. "சோறு அதிகமாத் தின்னான்டா, கடலுக்குக் கொடுத்துட்டேன். உங்க ஆளு மாதிரி பாலைக் குடிச்சுட்டுக் கிடந்திருந்தா வச்சிருந்திருப்பேன்." வேறு எந்தப் புலாராக இருந்தாலும் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்பான். இவன் தலையைக் குனிந்து, "மன்னிச்சுடுங்கக்கா" என்றான். வெயிலில் மயக்கமோ என்று நினைத்து அவள் தண்ணீர்கூடக் கொடுத்தாள்.

"இது லத்தீர். கடலுக்குக் கொடுத்தேனே, அவன்" என்று கணவனை முன்னால் தள்ளினாள். "பேரை மாத்து."

சிரே லத்தீரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, படம் வித்துப்போச்சு. வாங்கினவங்க அந்தப் பேரைப் படிச்சுட்டுத்தான் அழுதாங்க."

"அவங்க அழறதுக்கு என் புருஷன் சாகணுமா?"

கண்காட்சி மேலாளர் அம்மாள் வந்து, வெளியே போய்ப் பேசலாமே என்றார். தெனிங் படத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். லத்தீரையும் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"நான் படத்தோட வந்தவ. அது இறங்கட்டும், நானும் போறேன்."

அப்புறம் ஆரம்பித்தாள். மாட்டுத் திருடனே, புளிச்ச பாலே, எஜமானியை விதவையாக்கிய அடிமையே என்று, சுற்றிலும் கூட்டம் கூடக் கூட, நிதானமாக.

"மரியாதையாப் பேசுங்க" என்று சிரே கத்தினான்.

வாசலிலிருந்து தெம்பா எட்டிப் பார்த்தான். "கோபம் வந்துருச்சா தம்பி? அப்ப நீ தோத்த. கேட்டதைச் செஞ்சுடு."

"இது எந்த ஊர் சட்டம்?"

"உங்க அப்பாவைக் கேளேன்."

வீம்புக்காகவே சிரே அப்பாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான். லியோனிலிருந்து முதலில் சிரிப்புதான் வந்தது. நின்று, இருமி, மறுபடியும் வந்தது. "செரேர்காரி சொன்னதை நம்பிட்டியா? நம்பிப் படத்துக்குப் பேரும் வச்சியா?" அதற்குமேல் அவர் தங்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். கேட்கக் கேட்க சிரேயின் உதடு ஓரமாக வளைந்தது.

போனை வைத்தவன் பழைய சீட்டைக் கிழித்தான். பேனாவால் புதிதாக ஒன்றை எழுதி ஒட்டினான். மேலாளர் அம்மாள் பெருமூச்சு விட்டு, படத்தின் ஓரத்தில் விற்பனைக்கு அடையாளமாக இருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். சிரே அதைப் பார்த்தான். பேனாவை மூடிச் சட்டையில் செருகினான்.

லத்தீர் எழுந்து சத்தமாகப் படித்தான்: "'சோறு வரக் காத்திருக்கும் செரேர்காரி. கணவன் உயிரோடு இருக்கிறான். அவன் பங்கையும் இவளே தின்றுவிட்டாள்.'"

தெனிங்கின் மூக்கு விடைத்தது. இத்தனை பேர் முன்னால், இத்தனை பெரிய படத்துக்குக் கீழே, விழா முடியும்வரை இது தொங்கப்போகிறது. சிரே கையைக் கட்டிக்கொண்டு, முதல் தடவையாக ஒரு புலார்காரனைப் போல நின்றிருந்தான்.

"கோபமா, எஜமானி?" என்றான்.

"யாருக்கு? எனக்கா?" தெனிங் அந்தப் பக்கம் போன ஃபதாயாத் தட்டை அப்படியே வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னும் பெரிய எழுத்தா எழுதுடா அடிமை. கடைசி வரைக்கும் தினம் சாயங்காலம் வந்து இங்கேயே உட்காருவேன். எவன் வந்து படிக்கிறான்னு பாக்கறேன்."

லத்தீரிடம் ஒன்றை நீட்டினாள். சோற்றைத் தள்ளிவிட்டு வந்தவன் வாங்கிக் கடித்தான். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, வாய் நிறைய, அவசரமில்லாமல் மென்றான்.